கைக்குத் தெரியுமாம் சூடு

விறகடுப்பைப் பற்றித் தூத்துக்குடியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். “அதெல்லாம் கைப்பக்குவம் அண்ணாச்சி. மீட்டர் வச்சுப் பாக்கிற சமாச்சாரமா அது?” மக்ரூன் சுடுகிறவர் சொல்கிறார். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் சொல்கிறார்கள். இவர்களைக் கேமராவில் பிடித்து யூடியூபில் போடுகிறவர் இன்னும் உரக்கச் சொல்கிறார். மில்லர்புரத்தில் மாலை நடைக்கு வந்து டீக்கடையில் ஒதுங்குகிற ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஆயுள் முழுக்க மீட்டர் பார்த்தே சம்பளம் வாங்கியவர்கள், அவர்களும் இந்த விஷயத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். விறகின் சூடு கைக்குத்தான் தெரியும், கருவி உள்ளே வந்தால் ருசி வெளியே போய்விடும் என்பது ஊரார் ஒருமித்து வைத்திருக்கும் கருத்து.

எனக்கு இதில் உடன்பாடில்லை. கைப்பக்குவம் பொய் என்று சொல்லவும் வரவில்லை. பாதி உண்மையாக இருப்பதால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் யாரும் கேள்வி கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி சோம்பல் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை.

முதலில் உண்மையான பாதி. பழைய செங்கல் அடுப்புக்கு முன்னால் நிற்கும் ஒரு மாஸ்டரைப் பாருங்கள். ஒரு சிட்டிகை மைதாவை அடுப்பின் தரையில் தூவுகிறார். அது எத்தனை நேரத்தில் பழுப்பாகிறது, கருகிப் போகிறதா, நிறமே மாறாமல் கிடக்கிறதா என்று பார்க்கிறார். இல்லாவிட்டால் ஒரு துண்டுக் காகிதம். அதுவும் இல்லாவிட்டால் முழங்கை வரை உள்ளே நீட்டி மனசுக்குள் எண்ணுகிறார். எத்தனை எண்ணும் வரை தாங்க முடிகிறது என்பதுதான் கணக்கு. இதைப் பார்த்துவிட்டு “அளவே இல்லாமல் செய்கிறார் பாருங்கள்” என்று வியக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. இதெல்லாம் அளவு இல்லாமல் வேறென்ன? மைதா நிறம் மாறுவது ஒரு குறி, எண்ணிக்கை ஒரு குறி. அந்த மாஸ்டர் அளவை மறுக்கவில்லை. தன் உடம்பையே அளவுகோலாக வைத்திருக்கிறார். ஆக, அளக்கலாமா கூடாதா என்று வாதாட இனி இடமில்லை. எந்த அளவுகோல் எந்த இடத்தில் எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

கையின் எட்டுதூரம் ரொம்பக் குறைவு. நம் தோலுக்குள் சூட்டை வலியாகச் சொல்லும் நரம்பு வாயில் 43 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கிறது. இந்த வாயிலைக் கண்டுபிடித்ததற்காகவே டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு மேல் கை எதையும் அளப்பதில்லை, கத்த மட்டும் செய்கிறது. 110 டிகிரி அடுப்புக்கும் 150 டிகிரி அடுப்புக்கும் உள்ள வேறுபாடு, தோல் அந்த 43-ஐ எத்தனை சீக்கிரம் எட்டுகிறது என்ற ஒன்றை வைத்துத்தான் கைக்குத் தெரியும். ஈரக்கை என்றால் அந்த நேரம் நீளும். முப்பது வருடம் அடுப்பில் வெந்து காய்ப்பேறின கை என்றாலும் நீளும். இன்றைக்குக் காய்ச்சல் அடித்து எழுந்து வந்திருந்தால் அதுவும் மாறும். ஒரு கையை வெந்நீரிலும் ஒரு கையைக் குளிர்நீரிலும் வைத்திருந்துவிட்டு இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால், ஒரு கை குளிர்கிறது என்னும், மற்றது சுடுகிறது என்னும். ஜான் லாக் 1690 வாக்கிலேயே எழுதிவிட்ட சங்கதி இது. ஒரே ஆளின் இரண்டு கைகளே ஒத்துப்போகாதபோது, மாஸ்டரின் கையும் அவரிடம் வேலை பழகும் பையனின் கையும் எப்படி ஒத்துப்போகும்?

இது கூடப் பெரிய குறை இல்லை. பழகிய மாஸ்டர் தன் கையின் கோணலைத் தானே சரிக்கட்டிக்கொள்வார், ஒப்புக்கொள்கிறேன். கையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல மக்ரூன் தட்டுக்குப் பின்னாலேயே போக வேண்டும்.

முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரித் தூள். வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தூக்கினால் நுரை கூம்பாக நிற்கும் பதம் வந்ததும் முந்திரியைப் போட்டு, நுரை அமுங்காமல் கிளறி, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிகிறார்கள். ஐரோப்பாக்காரர் பாதாம் போடும் இடத்தில் நாம் முந்திரி போடுகிறோம். இதுவரைக்கும் கைவேலைதான், இதில் எந்தக் கருவியும் மூக்கை நுழைக்க வேண்டாம். நுரையின் பதத்தைக் கண்ணும் மணிக்கட்டும் சொல்வதைப் போல எந்த மிஷினும் சொல்லாது.

அதன் பிறகு தட்டு அடுப்புக்குள் போகிறது. விறகு போட்டு எரித்து, மற்ற சரக்கெல்லாம் சுட்டு முடிந்து, சூடு இறங்கத் தொடங்கிய அடுப்பு அது. தீயின் வேலை முடிந்துவிட்டது. செங்கல் தன்னிடம் தேக்கி வைத்திருக்கிற சூடுதான் மிச்சம். மக்ரூன் அதில் வேகிறது என்று சொல்வதைவிட உலர்கிறது என்பதே சரி. வெள்ளைக்கருவில் இருக்கும் புரதங்களில் ஒன்று 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கும். பெரும்பங்கான ஓவால்புமின் இறுகுவதற்கு 80-ஐத் தாண்ட வேண்டும். 140-ஐ நெருங்கினால் பழுப்பு ஏற ஆரம்பித்துவிடும். நடுவே 100-ஐ ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மணிக்கணக்காக நின்று, நீர் மெதுவாக வெளியேற வேண்டும். சூடு கூடிவிட்டால் நுரைக்குள் இருக்கும் காற்று சட்டென விரிந்து மேல் ஓடு வெடித்துவிடும், வெள்ளை நிறமும் போய்விடும். குறைந்துவிட்டால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பிசின், அடியில் சீனித் தண்ணீர் கசிவு.

இப்போது கைக்கு வருவோம். இரவு ஒன்பது மணிக்குத் தட்டைத் தள்ளும்போது மாஸ்டர் கையை நீட்டிப் பார்க்கிறார். சரியாகத்தான் பார்க்கிறார். ஆனால் அது ஒன்பது மணிச் சூடு. மக்ரூன் காயப்போவது பதினொரு மணிச் சூட்டில், ஒரு மணிச் சூட்டில், நான்கு மணிச் சூட்டில். அந்த நேரத்தில் அடுப்பின் கதவு மூடியிருக்கிறது, மாஸ்டர் வீட்டில் தூங்குகிறார். எந்தக் கையைப் பற்றி ஊரே புகழ்ந்து பேசுகிறதோ, அந்தக் கை வேலை நடக்கிற இடத்திலேயே இல்லை.

ஒன்பது மணிக்கு ஒரே மாதிரி சுடும் இரண்டு அடுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நாள் முழுக்க நிதானமாக எரிந்தது, செங்கல்லின் உள்வயிறு வரை சூடு இறங்கியிருக்கிறது. இன்னொன்று முந்தைய நாள் விடுமுறையில் ஆறிக் கிடந்து, மதியத்துக்கு மேல் அவசர அவசரமாக விறகைத் திணித்துச் சூடேற்றப்பட்டது. மேல் தோல் கொதிக்கிறது, உள்ளே செங்கல் குளிர்ந்து கிடக்கிறது. இரண்டிலும் கையை நீட்டினால் ஒரே எண்ணிக்கைதான் வரும். முதல் அடுப்பு விடியும் வரை சூட்டைத் தாங்கும். இரண்டாவது நள்ளிரவுக்குள் சரிந்துவிடும், ஏனென்றால் மேல் தோலின் சூட்டை உள்ளிருக்கும் குளிர்ந்த செங்கல்லே உறிஞ்சிக்கொள்ளும். கை காட்டுவது மேற்பரப்பை. சரக்கைத் தீர்மானிப்பது தேக்கம். செங்கல்லுக்குள் இரண்டு அங்குல ஆழத்தில் ஒரு தெர்மோகப்பிள் கம்பியைப் புதைத்திருந்தால் இரண்டு அடுப்பின் வித்தியாசமும் ஒன்பது மணிக்கே பல்லை இளித்துக்கொண்டு தெரியும். “திங்கக்கிழமைச் சரக்கு எப்பவும் கொஞ்சம் சொதப்பும் அண்ணாச்சி” என்று ஒரு மாஸ்டர் என்னிடம் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “அது அப்படித்தான்.” அவர் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

அப்புறம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊரில் உப்பே கசிந்து ஒழுகும். சீனியும் முட்டையும் சேர்ந்த பண்டம் என்ன பாடுபடும்? விறகும் ஈரம் குடித்திருக்கும். அப்போதுதான் வெட்டிய விறகின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். அடுக்கி வைத்து மாதக்கணக்கில் காயவிட்டால் அது 20 சதவீதத்துக்குக் கீழே வரும். ஈர விறகு எரிகையில் முதலில் தன் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்துக்கொள்கிறது, அடுப்புக்கு மிஞ்சுவது குறைவு. அதே எண்ணிக்கை உடைவிறகைப் போட்டு, அதே நேரம் எரித்து, அதே கையால் பார்த்து, வேறு அடுப்பைப் பெறுகிறார்கள். பிறகு “மழைக்கு மக்ரூன் சரியா வராது” என்று வானத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். வானத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் எது காற்றின் ஈரம், எது அடுப்பின் குறை என்று பிரித்துச் சொல்ல யாரிடமும் ஒரு எண் கூடக் கிடையாது.

இரவு, மூடிய கதவு, பார்க்க ஆளில்லாத அடுப்பு என்ற இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டுமானதில்லை. மே மாத மில்லர்புரத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நார்வேயிலும் கனடாவிலும் குளிர்காலத்துக்கு வீட்டுக்குள் இரும்பு விறகடுப்பு வைக்கிறார்கள், அங்கே குடியேறிய நம்மவர்களுக்கும் அது பழக்கமான சாமான். இரவில் அடிக்கடி எழுந்து விறகு போட யாருக்குப் பிடிக்கும்? அதனால் படுக்கப் போகும்போது அடுப்பு நிறைய விறகை அடைத்து, காற்று வரும் வழியை இறுக மூடிவிடுகிறார்கள். தீ அவிந்து புகைந்து விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கும். அறையில் இருப்பவருக்குக் கை நீட்டினால் இதமாகத்தான் இருக்கும். புகைக்குழாயில் நடப்பது வேறு கதை.

விறகு சூடானால் முதலில் நீராவி, பிறகு எரியக்கூடிய வாயுக்கள். விறகின் சக்தியில் பெரும்பங்கு அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுமையாக எரிய 600 டிகிரியை ஒட்டிய சூடும் போதிய காற்றும் வேண்டும். இரண்டையும் மறுத்துவிட்டால் அவை எரியாமலே குழாயில் ஏறி, குளிர்ந்த சுவரில் தார் போலப் படியும். கிரியோசோட் என்கிறார்கள். நாள்பட நாள்பட அது தடித்து, ஒருநாள் தீப்பொறி பட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். 1,000 டிகிரியைத் தொடக்கூடிய தீ அது, கூரையையும் கொண்டுபோய்விடும். இதற்குத்தான் புகைக்குழாயின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறிய வட்டத் தெர்மாமீட்டர் விற்கிறார்கள். ஒற்றைச் சுவர்க் குழாயின் மேற்பரப்பு ஏறக்குறைய 115 டிகிரிக்குக் கீழே நின்றால் தார் படிகிறது. அதற்கும் 245-க்கும் இடையே நின்றால் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. அதற்கு மேல் போனால் விறகு வீணாவதோடு ஆபத்தும் கூட. குழாய்க்குள் ஓடும் புகை மேற்பரப்பைவிட வெகு சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கோடுகளைப் போட்டிருக்கிறார்கள். அறையின் இதத்தை நம்பினால் தெரியாத விஷயம், கைப்பிடி அளவு முள் ஒன்றில் தெரிகிறது.

நம் மலைகளுக்கு வாருங்கள். கொடைக்கானல் குளிருக்குக் கரி அடுப்பைத் தங்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கதகதப்பாக இருக்கிறது என்றுதான் உடம்பு கடைசி வரை சொல்லிக்கொண்டிருக்கும். உடம்பை நம்பு என்று உபதேசிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டுப் பார்க்க ஆசை.

“நம் முன்னோர் எதை வைத்து அளந்தார்கள்?” என்று அடுத்த கேள்வி வரும். இந்தக் கேள்வியை வேறு எந்த ஊர்க்காரர் கேட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், தூத்துக்குடிக்காரர் கேட்கக் கூடாது. அளவையால் பிழைத்த ஊர் இது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எடுத்த முத்தைக் கண்ணால் பார்த்து விலை போட்டதில்லை. பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 துளை, அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1,000 துளை. எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் பருமன். உருட்டியும் நிறம் பார்த்தும் தரம் பிரிப்பது அதற்குப் பிறகு. விலையும் எடைக்கு நேர் விகிதத்தில் ஏறவில்லை, எடையின் இருமடியில் ஏறியது. ஒரு முத்து இன்னொன்றைவிட இரண்டு மடங்கு கனம் என்றால் மதிப்பு நான்கு மடங்கு. இதை வாய்ப்பாடாகவே மனத்தில் வைத்திருந்தார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. சல்லடை வந்ததால் முத்தின் ஒளி மங்கிவிட்டது என்று அத்தனை காலத்தில் யாரும் புலம்பியதாகத் தெரியவில்லை.

முத்துப் போனது, உப்பு இருக்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது இங்கேதான். அளத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 1768-ல் வகுத்த அளவு அது. கடல்நீர் அதில் மூன்று டிகிரியைச் சுற்றி நிற்கும். வெயிலில் வற்றி 25-ஐ எட்டினால் உப்புப் பூக்கும். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்து ஒதுங்கிவிடும். 29-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்பு சேர்ந்து கசக்கும், எனவே அந்த நீரை வடித்துவிட வேண்டும். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவருக்கு நாக்கு இல்லையா? விரலால் தொட்டு வாயில் வைத்தால் கரிப்புத் தெரியாதா? தெரியும். ஆனால் 24-க்கும் 26-க்கும் உள்ள வேற்றுமையை நாக்கு சொல்லாது, கண்ணாடிக் குழாய் சொல்லும். உப்பளத்தில் இதற்காக யாரும் கைப்பக்குவத்துக்கு இரங்கற்பா பாடவில்லை. துறைமுகத்தை ஒட்டி நிற்கும் அனல் மின் நிலையத்தில் 1979-லிருந்து நிலக்கரி எரிகிறது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, டர்பைனுக்குப் போகும் நீராவி 540 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், சில டிகிரி விலகினாலே ஆட்கள் பதறுவார்கள். ஒரே ஊரில் கடற்கரையோரம் எரிகிற தீக்கு அறிவியல், தெருவுக்குள் எரிகிற தீக்கு மட்டும் அருள்வாக்கா?

கருவி என்றாலே ஏதோ தொழிற்சாலைக்காரன் கைவினைஞர் மேல் ஏவிவிட்ட சூழ்ச்சி என்றொரு நினைப்பும் இருக்கிறது. வரலாறு நேர்மாறு. உலைச்சூட்டை அளக்க 1782-ல் ஒரு வழி கண்டவர் ஜோசய்யா வெட்ஜ்வுட், இங்கிலாந்தின் குயவர். பரம்பரைக் குயவர். பாதரசத் தெர்மாமீட்டர் சூளைக்குள் நிற்காது என்பதால், களிமண்ணிலேயே சிறு துண்டுகள் செய்து சூளையில் போட்டு, வெந்து எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று ஒரு பள்ளமான அளவுச் சட்டத்தில் நுழைத்துப் பார்த்தார். அவர் போட்ட டிகிரிக் கணக்கு நிஜத்தைவிட மிக மிக அதிகம் என்று பின்னால் தெரிந்தது. அதனால் அவருக்கு நட்டமில்லை. நேற்றைய சூளையும் இன்றைய சூளையும் ஒன்றா என்ற கேள்விக்கு அந்தக் களிமண் துண்டு நேர்மையாகப் பதில் சொன்னது. எண் சரியாக இருப்பதைவிட அது மாறாமல் இருப்பதே தொழிலுக்கு முக்கியம். நம் ஊர் அடுப்புக்குள்ளும் முதலில் வேண்டியது துல்லியம் இல்லை, நேற்றோடு இன்றை ஒப்பிட ஒரு வழி.

ருசி விவகாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் கடைசியில் ஒளிந்துகொள்ளும் இடம் அது. “விறகில் சுட்ட ருசி மின்சார அவனில் வராது.” வராதுதான். காரணம் என்ன? புகை என்கிறார்கள். விறகின் லிக்னின் சிதைந்து குவையகோல் போன்ற மணப்பொருள்கள் புகையில் வருவது உண்மை, கருவாட்டிலும் சுட்ட கத்தரிக்காயிலும் நாம் விரும்புவது அதைத்தான். ஆனால் தீ அடங்கிய பிறகு உள்ளே போகும் மக்ரூனில் எவ்வளவு புகை ஏறும்? ஒரு மக்ரூனை உடைத்து மோந்து பாருங்கள். முந்திரி மணக்கும், சீனி மணக்கும், புகை மணக்காது. அதன் தனித்தன்மை வேறிடத்திலிருந்து வருகிறது. நான்கு பக்கச் செங்கல்லும் கூரையும் ஒரே சீராக வீசும் வெப்பம், விசிறி இல்லாத அசையாக் காற்று, மணிக்கு மணி தானாக இறங்கிக்கொண்டே போகும் சூடு. மின்சார அவன் ஓர் எண்ணில் நிலைத்து நிற்கும், இது வழுக்கிக்கொண்டே இறங்கும். நாம் விறகின் ருசி என்று பெயர் வைத்திருப்பது இந்த இறக்கத்தின் ருசி. அதாவது ஒரு வெப்பக்கோட்டின் ருசி. அந்தக் கோட்டை ஒரு தடவை கூட வரைந்து பார்க்காதவர்கள் அதன் காவலர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்வது வேடிக்கை. நாளை ஒருநாள் அந்த அடுப்பு இடிந்து புதிதாகக் கட்ட வேண்டி வந்தால், எந்தச் சுவர்க் கனத்துக்கு எந்த இறக்கம் என்று எதை வைத்துக் கட்டுவார்கள்?

வீட்டு அடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதமர் உஜ்வலா திட்டம் 2016-ல் வந்து சிலிண்டரைக் கொடுத்தாலும், மறு சிலிண்டருக்குப் பணம் இல்லாத வீடுகளில் விறகடுப்பு அணையவில்லை. வீட்டுக்குள் ஏறும் அடுப்புப் புகையால் 2020-ல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பானையின் அடியில் பிடிக்கும் கரி, சூடு போதாமல் எரியாமல் போன விறகு. காசு கொடுத்து வாங்கியதோ காலால் நடந்து பொறுக்கியதோ, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். மண்மணம், பாட்டி சமையல் என்று அந்த அடுப்பைப் பார்த்து உருகுகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் தின்ன வருகிறவர்கள். ஊதுகுழலைப் பிடித்து ஊதியவர்கள் வாயிலிருந்து அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை அவர்களே சரியாகச் சொல்வதில்லை. மாஸ்டருக்கு இருக்கும் ஒரே சொத்து அவர் கை. சூடு இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டால், நாளைக்கு முதலாளி பாதிச் சம்பளத்தில் ஒரு பையனை நிறுத்திவிடுவார். “மிசினு வந்தா நம்மள யாருண்ணாச்சி கேப்பா?” என்கிற பயத்துக்கு முன்னால் என் வெப்பக்கோட்டுப் பேச்சு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். இது நியாயமான பயம், ருசிப் பாட்டைப் போல வெறும் பேச்சு இல்லை. ஆனால் இதற்கு மருந்து அறியாமையைப் பாதுகாப்பது ஆகாது. நுரையின் பதம் கையில் இருக்கிறது, அதை எந்தக் கம்பியும் பறிக்காது. மாஸ்டர் கையில் எண்ணும் சேர்ந்தால் அவர் பேரம் கூடும், முதலாளி கையில் மட்டும் எண் போனால்தான் குறையும். ஆகவே சண்டை போட வேண்டியது தெர்மாமீட்டரோடு இல்லை. அதை யார் படிக்கிறார்கள், யார் எழுதி வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்காகப் போட வேண்டும். தொழிலுக்கு வர இளசுகள் தயங்குகிறார்கள் என்று அங்கலாய்க்கும் முதலாளிகளும் ஒன்றை யோசிக்கலாம். பத்து வருடம் கையைச் சுட்டுக்கொண்டால்தான் வித்தை பிடிபடும் என்றால் எந்தப் பிள்ளை வரும்?

எல்லா விறகடுப்பிலும் தெர்மாமீட்டரைச் செருகு என்று நான் சொல்லவில்லை. திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்து விடிலிகளில் பதநீர் காய்ச்சும் பெண்களுக்கு அது தேவையில்லை. பாகு வற்ற வற்ற அதன் கொதிநிலை 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். சரியான இடத்தில் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். பொங்கி வந்தால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுகிறார்கள், நுரை அடங்குகிறது. பாகைக் கொஞ்சம் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை பாகின் சூட்டைச் சுற்றி வளைத்து ஊகிப்பதில்லை, பாகு இறுகுமா என்பதையே நேராகக் கேட்கிறது. கேட்கும் ஆளும் அடுப்புக்கு முன்னாலேயே இருக்கிறார், பதம் வரும் நொடியில் கையில் கரண்டி இருக்கிறது. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவரும் அப்படித்தான். வெள்ளைப் புகை என்றால் நீராவி, அது மெலிந்து நீலம் தட்டினால் கரியாகிவிட்டது, வாயை அடை என்று அர்த்தம். இரவும் பகலும் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து புகையின் நிறத்தைப் பார்க்கிறார். இவர்களோடு எனக்கு வழக்கில்லை. இரவெல்லாம் கதவைச் சாத்திவிட்டுப் போகிற அடுப்போடுதான் வழக்கு.

கருவி வாங்குகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் தவறான கருவியை வாங்கி, தவறான எண்ணைப் பார்த்து, “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்” என்று கைப்பக்குவக்காரர் சிரிப்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். சிவப்புப் புள்ளி அடிக்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டர்தான் இப்போது எல்லோர் கண்ணிலும் படுகிறது. செங்கல்லில் அடித்தால் ஓரளவு சரியாகச் சொல்லும். பளபளக்கும் அலுமினியத் தட்டில் அடித்தால் பொய் சொல்லும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கொஞ்சமாகத்தான் கதிராக வீசும், சுற்றியுள்ளவற்றின் கதிரைக் கண்ணாடி போலத் திருப்பிவிடும். கதவைத் திறந்துதான் அடிக்க வேண்டும் என்பது அதன் அடுத்த குறை. திறந்த கதவில் சூடு கொட்டிப்போகும். விடிய விடிய உள்ளே இருந்து பார்ப்பதற்கு இரண்டு உலோகக் கம்பிகளின் முனையை இணைத்துச் செய்யும் கே டைப் தெர்மோகப்பிள்தான் தோதானது. இணைந்த முனை சூடானால் கம்பிகளுக்கிடையே மின்னழுத்தம் பிறக்கும் என்று ஸீபெக் 1821-ல் கண்டதுதான் அதன் சூத்திரம். எரியும் தீக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு கம்பியைப் பக்கச் சுவர்ச் செங்கல்லுக்குள் இரண்டு அங்குலம் துளைத்துப் புதைக்க வேண்டும். இன்னொன்றைத் தட்டு வைக்கும் மட்டத்தில் காற்றில் நிறுத்த வேண்டும். திரையை வெளியே மாட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோ, மிஞ்சிப் போனால் இரண்டு கிலோ மக்ரூன் விற்கிற காசுதான் ஆகும்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு. அடுப்பைப் பற்ற வைத்த நேரம், எந்த விறகு, காய்ந்ததா ஈரமா, தட்டு உள்ளே போனபோது செங்கல்லில் என்ன, காற்றில் என்ன, நள்ளிரவில் காவல்காரர் எட்டிப் பார்த்தபோது என்ன, காலையில் எத்தனை தட்டு வெடித்தது, எத்தனை பிசுபிசுத்தது. சித்திரையில் தொடங்கினால் கார்த்திகை மழையையும் சேர்த்து எழுதிவிடலாம். நோட்டு மாஸ்டரின் பையில் இருக்கட்டும். முதலாளி மேசைக்குப் போக வேண்டாம்.